கவுன்சில் வீட்டு வாடகையை நிர்ணயிப்பது யார், அந்தப் பணம் எங்கே செலவாகிறது?

கிழக்கு லண்டனில் இரண்டு படுக்கையறைக் கவுன்சில் வீட்டில் (உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடு அது) குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: 2026 ஏப்ரலில் வாடகை 4.8% ஏறியது, சமையலறையை மாற்றி 22 ஆண்டுகள் ஆகின்றன, அதே கவுன்சில் பக்கத்துத் தெருவில் புதுக் குடியிருப்பு கட்டுகிறது, வாடகையோடு கவுன்சில் டாக்ஸ் என்னும் உள்ளாட்சி வரியும் கட்டுகிறோம், ஏற்றாமல் விட முடியாதா, எங்கள் வீட்டுக்கு மட்டும் பணம் இல்லையா? இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வாடகையின் அளவை முடிவு செய்வது யார் என்பது ஒன்று. வசூலான பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது யார் என்பது மற்றொன்று. முதலாவதில் கவுன்சிலின் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் அப்படி இல்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சி வீட்டுக் கணக்குகளில் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் இத்தகைய தேசியச் சூத்திரம் கிடையாது. குடியிருப்போரிடம் கருத்துக் கேட்டுக் கவுன்சில்களே வாடகையை முடிவு செய்கின்றன.

முதலில் கவுன்சில் டாக்ஸ் பற்றிய குழப்பத்தை நீக்கிவிடலாம், ஏனெனில் அதில் ஐயத்துக்கு இடமில்லை. 1989 ஆம் ஆண்டின் உள்ளாட்சி மற்றும் வீட்டுவசதிச் சட்டப்படி, சொந்தமாக வீடுகள் வைத்து வாடகைக்கு விடும் கவுன்சில் அவற்றின் வரவையும் செலவையும் ஹவுசிங் ரெவின்யூ அக்கவுண்ட் எனப்படும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நீங்கள் கட்டும் கவுன்சில் டாக்ஸ் பொதுக் கணக்குக்குப் போகிறது. வாடகை இந்தத் தனிக் கணக்குக்குப் போகிறது. பொதுக் கணக்கில் முதியோர் பராமரிப்புக்குப் பற்றாக்குறை வந்தால் வாடகைப் பணத்தை எடுத்து அடைக்க முடியாது. வீட்டுக் கணக்கில் துண்டு விழுந்தால் வரிப்பணத்தைக் கொண்டுவந்து ஊற்றவும் முடியாது. இந்தக் கணக்கு பற்றாக்குறையில் முடியும் என்று தெரிந்தே ஒரு நிதிநிலை அறிக்கையை நிறைவேற்றுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆகவே உங்கள் வீட்டின் பழுது, உங்கள் பகுதி வீட்டு அதிகாரியின் சம்பளம், பழைய கடனின் வட்டி, புதுச் சமையலறை எல்லாமே கவுன்சிலின் குடியிருப்போர் கட்டும் வாடகையிலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டும். 2012 வரை மத்திய அரசு எல்லாக் கவுன்சில்களின் வாடகையையும் கணக்கில் சேர்த்து, சிலரிடம் எடுத்துச் சிலருக்குக் கொடுத்து வந்தது. அந்த ஏப்ரலில் அது ஒழிக்கப்பட்டு, ஒவ்வொரு கவுன்சிலும் தன் வாடகையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, அதற்கு ஈடாக 136 கவுன்சில்கள் ஏறத்தாழ 1,300 கோடி பவுண்டு கடனைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டன. உங்கள் கவுன்சில் அவற்றுள் ஒன்றாக இருந்தால், நீங்கள் கட்டும் வாடகையின் ஒரு பங்கு இன்றும் அந்தக் கடனின் வட்டிக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும்.

வாடகையின் அடித்தளம் 2002 இல் நடைமுறைக்கு வந்த ஒரு சூத்திரம். 2000 ஏப்ரலில் நிலவிய சராசரி வார வாடகையான 54.62 பவுண்டிலிருந்து அது தொடங்குகிறது. அதில் 70 சதவீதத்தை உங்கள் மாவட்டத்தின் உடலுழைப்புத் தொழிலாளர் ஊதியம் தேசியச் சராசரியான 316.40 பவுண்டோடு எப்படி ஒப்பிடுகிறது என்பதாலும், படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குரிய எடையாலும் பெருக்குவார்கள். மீதி 30 சதவீதத்தை, 1999 ஜனவரியில் உங்கள் வீட்டின் விலைமதிப்பு அன்றைய தேசியச் சராசரியான 49,750 பவுண்டோடு எப்படி ஒப்பிட்டது என்பதால் பெருக்குவார்கள். இரண்டு படுக்கையறைக்கு எடை 1.00, ஒன்றுக்கு 0.90, மூன்றுக்கு 1.05. ஊதியம் சராசரியைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகவும் வீட்டு மதிப்பு ஒன்றரை மடங்காகவும் உள்ள ஒரு பகுதியில் இரண்டு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொண்டால், முதல் பகுதி 42.06, இரண்டாம் பகுதி 24.58, ஆக வாரம் 66.64 பவுண்டு என்று 2000 ஆம் ஆண்டு விலையில் கிடைக்கும். அதன் பிறகு ஆண்டுதோறும் அரசு அறிவித்த விகிதங்களால் அதைப் பெருக்கிக்கொண்டே வந்தால் இன்றைய சூத்திர வாடகை வரும். படுக்கையறை எண்ணிக்கைக்கேற்ப ஓர் உச்சவரம்பும் உண்டு. லண்டனின் விலையுயர்ந்த பகுதிகளில்தான் அது குறுக்கே வரும். சமையலறை புதிதா பழையதா, லிப்ட் ஓடுகிறதா, சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்பவற்றுக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. கால் நூற்றாண்டுக்கு முந்திய விலைமதிப்பையும் ஊதியத்தையும் வைத்து இன்றும் வாடகை கணக்கிடுவது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே பட்டிருக்கிறது. ஆனால் இதை மாற்றினால் சில ஊர்களில் வாடகை சட்டென்று எகிறும், சில ஊர்களில் சரியும் என்பதால் எந்த அரசும் தொட முன்வரவில்லை.

ஏற்கெனவே குடியிருப்பவரின் வாடகை சூத்திர வாடகைக்குக் கீழே இருக்கலாம். பல இடங்களில் இருக்கிறது. வீடு காலியாகிப் புதியவருக்குக் கொடுக்கும்போது அதைச் சூத்திர அளவுக்கு, பொதுவான வீடுகளில் அதற்கு மேல் 5% வரைகூட, உயர்த்திக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே மாடியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு வெவ்வேறு வாடகை இருக்கும். பெரும்பாலும் அது தவறன்று. இந்த இடைவெளியை வாரத்துக்கு 1 அல்லது 2 பவுண்டு வீதம் கூடுதலாக ஏற்றிக் குறைக்க அனுமதிக்கலாமா என்று அரசு 2025 இல் கலந்தாய்வு நடத்தியது. உங்கள் வாடகை சூத்திரத்துக்குக் கீழே இருந்தால் இந்தக் கொள்கை வருங்காலத்தில் உங்களைத் தொடும்; சூத்திர அளவிலேயே இருந்தால் தொடாது.

இனி ஆண்டு உயர்வுக்கு வருகிறேன். முந்தைய செப்டம்பர் மாதத்தின் நுகர்வோர் விலைப் பணவீக்கத்தோடு 1% சேர்த்ததே உச்சவரம்பு. 2025 செப்டம்பரில் பணவீக்கம் 3.8% ஆக இருந்தது; ஆகவே 4.8%. உங்கள் கவுன்சில் தானாகக் கண்டுபிடித்த எண் அன்று இது. 2020 ஏப்ரல் முதல் கவுன்சில்களும் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையத்தின் வாடகை விதிக்குள் வந்துவிட்டன, எனவே இதற்கு மேல் ஏற்ற முடியாது. ஆனால் உச்சவரம்பு என்றால் மேல் எல்லைதான், கட்டாயமன்று. 0% ஏற்றினாலும் சட்டம் தடுக்காது. அப்படியிருந்தும் ஏறத்தாழ எல்லாக் கவுன்சில்களும் ஏன் முழு உயர்வையும் எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன்.

பதில், வாடகை உயர்வின் மீது உயர்வு ஏறும் கணக்கில் இருக்கிறது. 10,000 வீடுகள் உள்ள கவுன்சிலில் சராசரி வார வாடகை 120 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு 1% குறைவாக ஏற்றினால் ஒரு வீட்டுக்கு வாரம் 1.20 பவுண்டு மிச்சம். கவுன்சிலுக்கு ஆண்டுக்கு 6,24,000 பவுண்டு இழப்பு. அடுத்த ஆண்டின் உயர்வு இந்தக் குறைந்த தொகையின் மீதுதான் கணக்கிடப்படும் என்பதால், விட்டது திரும்பாது. அதே குடியிருப்போர் இருக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த இழப்பு தொடரும். கவுன்சில்கள் 30 ஆண்டுத் திட்டம் போட்டுத்தான் இந்தக் கணக்கை நடத்துகின்றன. 5% வட்டியில் 6,24,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 1.25 கோடி பவுண்டுக் கடனின் ஆண்டு வட்டி. அவ்வளவு முதலீட்டைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டதற்குச் சமம். இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள், ஆனால் கவுன்சிலர்கள் முன் வைக்கப்படும் அறிக்கைகளில் வாதம் இந்த வடிவில்தான் இருக்கும்.

இது வெறும் தாள் கணக்கன்று என்பதற்கு 2016 முதல் 2020 வரையான காலம் சான்று. பணவீக்கத்தோடு 1% என்ற விதி பத்தாண்டுகளுக்கு நீடிக்கும் என்று உறுதி சொல்லி 2015 ஏப்ரலில் அதைத் தொடங்கிய அரசு, அதே ஆண்டு ஜூலையில் அதைக் கைவிட்டது. 2016 முதல் நான்கு ஆண்டுகள் ஒவ்வோர் ஆண்டும் வாடகையை 1% குறைக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. 100 பவுண்டாக இருந்த வாடகை 96 பவுண்டு ஆனது. பழைய விதி தொடர்ந்திருந்தால் அது 110 பவுண்டைத் தாண்டியிருக்கும். குடியிருப்போருக்கு அது நிம்மதியாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதன் முதன்மை நோக்கம் வாடகைக்காக அரசு கொடுக்கும் ஹவுசிங் பெனிபிட் செலவைக் குறைப்பதுதான். குடியிருப்போரின் சட்டைப்பையைப் பார்த்து எடுத்த முடிவு அன்று. மறுபக்கத்தில் கவுன்சில்கள் முதலில் ஒத்திப்போட்டவை கூரை, ஜன்னல், சமையலறை, மின்கம்பி மாற்றம். பிறகு 2022 செப்டம்பரில் பணவீக்கம் 10.1% ஆனபோது, விதிப்படி 11.1% ஏற வேண்டியதை அரசு 7% என்று நிறுத்தியது. அதே ஆண்டில் கட்டுமானப் பொருள்களின் விலை அதைவிட வேகமாக ஏறியது. உங்கள் சமையலறை 22 ஆண்டுகள் காத்திருப்பதற்கு இந்த இரண்டு முடிவுகளும் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். கணிசமான காரணம் என்று சொல்வேன்.

வாடகையை ஏற்ற மறுத்த கவுன்சிலும் வரலாற்றில் உண்டு. 1972 ஆம் ஆண்டின் வீட்டுவசதி நிதிச் சட்டம் வாடகையை உயர்த்தக் கட்டாயப்படுத்தியபோது, டார்பிஷயரின் கிளே கிராஸ் என்னும் சிற்றூரின் 11 கவுன்சிலர்கள் மறுத்துவிட்டார்கள். வசூலிக்காமல் விட்ட தொகையைத் தணிக்கையாளர் அவர்கள் தலையிலேயே சுமத்தினார், பதவியையும் இழந்தார்கள். இன்றைய விதி மேல் எல்லை மட்டுமே என்பதால் அந்த நிலை இப்போது வராது. இன்று மறுப்பவர்களுக்கு எதிரில் நிற்பது நீதிமன்றம் அன்று, மேலே சொன்ன 30 ஆண்டுக் கணக்கு.

உயர்வு எல்லார் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுமையாக ஹவுசிங் பெனிபிட் அல்லது யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக்கு வாடகை உயர்வின் பெரும்பகுதியை அரசே கொடுத்துவிடும். உதவித்தொகை உச்சவரம்பைத் தொட்டவர்களும், உபரிப் படுக்கையறைக்காக 14% அல்லது 25% வெட்டப்படுபவர்களும் விதிவிலக்கு. இரண்டு பேர் வேலைக்குப் போய், அந்த உதவிக்குச் சற்று மேலே வருமானம் வருகிற குடும்பம்தான் 4.8 சதவீதத்தையும் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறது. கடையிலும் முதியோர் இல்லத்திலும் சுழல்முறை வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. இவர்களுக்கென்று தனிச் சலுகை இந்த விதியில் இல்லை. இது உண்மையான குறை என்றே கருதுகிறேன். எல்லாருக்கும் வாடகையைக் குறைப்பதைவிட, கடினநிலை நிதி ஒன்றை ஒதுக்கி இத்தகையவர்களுக்குக் கொடுப்பது குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும். சில கவுன்சில்கள் அப்படிச் செய்கின்றன. உங்கள் கவுன்சிலில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது செலவுப் பக்கம். புதுக் குடியிருப்பு உங்கள் வாடகையில் கட்டப்படுகிறதா என்ற கேள்விக்கு, ஒரு பகுதி ஆம் என்பதே நேர்மையான விடை. லண்டனில் ஒரு வீடு கட்ட 3,50,000 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 140 பவுண்டு வாடகை, ஆண்டுக்கு 7,280. நிர்வாகத்துக்கும் பழுதுக்கும் 2,500 கழித்தால் 4,780 மிஞ்சும். 5% வட்டியில் அது தாங்கக்கூடிய கடன் 95,600 பவுண்டு மட்டுமே. மீதி இரண்டரை லட்சத்தை அரசு மானியமும் (லண்டனில் அது மேயரின் நிர்வாகம் வழியாக வரும்), விற்ற வீடுகளின் பணமும், ஏற்கெனவே இருக்கும் வீடுகளின் வாடகை உபரியும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். 2018 அக்டோபரில் கவுன்சில்களின் வீட்டுக்கடன் உச்சவரம்பு நீக்கப்பட்டபோது பலரும் கொண்டாடினார்கள். அது கடன் வாங்க அனுமதிதான் தந்தது, கடனைக் கட்டப் பணம் தரவில்லை. 2012 இல் சலுகை வட்டியில் வாங்கிய கடன்கள் முதிரும்போது அவற்றை இன்றைய உயர்ந்த வட்டியில் புதுப்பிக்க வேண்டியிருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

வீடுகள் ஏன் குறைந்தன என்பதும் இதோடு சேர்ந்தது. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாங்கும் உரிமையின்கீழ் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் தள்ளுபடி விலையில் குடியிருந்தவர்களுக்கு விற்கப்பட்டன. விற்ற பணம் முழுவதும் நீண்ட காலம் கவுன்சிலிடம் தங்கவில்லை. 2024 நவம்பரில் தள்ளுபடி பகுதிக்கேற்ப 16,000 முதல் 38,000 பவுண்டு வரை என்று குறைக்கப்பட்டு, விற்பனைப் பணம் முழுவதையும் கவுன்சில்களே வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. நல்ல வீடுகளும் தனி வீடுகளும் முதலில் போயின. பராமரிப்புச் செலவு கூடிய மாடிக் குடியிருப்புகள் எஞ்சின. இதை எந்த முப்பதாண்டுத் திட்டத்தின் பின்னிணைப்பைப் புரட்டினாலும் பார்க்கலாம்.

முதலீட்டில் எது முதலில் என்ற வரிசை இப்போது பெரும்பாலும் சட்டத்தால் அமைகிறது. 2017 இல் லண்டனின் கிரென்பெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த பிறகு உயரக் கட்டடங்களின் தீப்பாதுகாப்பு முன்னுக்கு வந்தது. ரோச்டேலில் பூஞ்சை படிந்த வீட்டில் வாழ்ந்த அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 இல் இறந்ததன் விளைவாக வந்த அவாப் சட்டம், 2025 அக்டோபர் 27 முதல், அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும் ஈரம், பூஞ்சை பற்றிய கணிசமான ஆபத்துகளை 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்யவும் கட்டாயப்படுத்துகிறது. 2024 ஏப்ரல் முதல் ஆயிரம் வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் கவுன்சில்களை ஒழுங்குமுறை ஆணையம் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நேரில் சோதித்து சி1 முதல் சி4 வரை தரம் கொடுக்கிறது. கடுமையான குறைகள் உண்டு என்று பொருள்படும் சி3 பலருக்கு வந்தது. தங்கள் வீடுகளின் நிலையைப் பற்றித் தங்களிடமே நம்பகமான தகவல் இல்லாமை அதற்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணம். வீடுவீடாகப் போய்ப் பார்த்த ஆய்வு இல்லாமல் போட்ட முப்பதாண்டுத் திட்டம், எவ்வளவு அழகான அட்டவணையாக இருந்தாலும், ஊகம்தான். புதுக் கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் அந்த ஆய்வை முடிக்காத கவுன்சிலைக் குறை சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

உங்கள் சமையலறை இந்த வரிசையில் கீழே இருப்பதற்கு இன்னொரு காரணம், பலருக்குத் தெரியாதது. கண்ணியமான வீடு என்ற அரசின் தரநிலையில் சமையலறைக்கு 20 ஆண்டு, குளியலறைக்கு 30 ஆண்டு என்று வயது உண்டு. ஆனால் சமையலறை பழையதாகிவிட்டது என்பதாலேயே ஒரு வீடு தரநிலையில் தோற்பதில்லை. சமையலறையின் வயது, அதன் இடவசதி, குளியலறையின் வயது, அது அமைந்த இடம், வெளி இரைச்சலுக்குத் தடுப்பு, மாடிக் குடியிருப்பின் பொது இடங்கள் ஆகிய ஆறில் மூன்றோ அதற்கு மேலோ குறைபட்டால்தான் தோற்கும். பழைய சமையலறையோடு ஒரு வீடு எண்ணிக்கையில் தேறிவிடும். இந்தத் தரநிலையை மாற்றும் முன்மொழிவையும் அரசு 2025 இல் கலந்தாய்வுக்கு விட்டது. அலமாரி உடைந்து தொங்குவது, குழாய் ஒழுகுவது, மின்இணைப்பு ஆபத்தாக இருப்பது ஆகியவை வேறு. அவை பழுது, அவற்றுக்கு வயதுக் கணக்கு தேவையில்லை, இன்றே புகார் கொடுக்கலாம்.

வருங்காலத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. 2025 ஜூன் செலவின மதிப்பாய்வில், 2026 முதல் பத்தாண்டுகளுக்குப் பணவீக்கத்தோடு 1% என்ற விதியும், சமூக வீடுகளுக்குப் பத்தாண்டில் 3,900 கோடி பவுண்டும் அறிவிக்கப்பட்டன. முன்பு சொன்ன பத்தாண்டு உறுதி ஓர் உயர்வோடு முடிந்ததைக் கண்டவன் என்ற முறையில், இதை முழுதாக நம்பி முப்பது ஆண்டுக்குக் கடன் வாங்கும் கவுன்சிலைவிட, நடுவில் ஒரு முறை விதி மாறும் என்று வைத்துச் சோதித்துப் பார்க்கும் கவுன்சிலையே நம்புவேன்.

நீங்கள் செய்யக்கூடியவை சில. உங்கள் சூத்திர வாடகையின் கணக்கையும் அதற்குப் பயன்படுத்திய 1999 மதிப்பையும் எழுத்தில் கேளுங்கள். கணக்கீட்டுத் தவறுகள் அரிதானவை அல்ல. வாடகைத் தொகை அதிகம் என்பதற்காக, வீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஆம்பட்ஸ்மனிடம் போக முடியாது, அது அவருடைய வரம்புக்கு வெளியே. நிரந்தரக் குத்தகையில் இருக்கும் கவுன்சில் குடியிருப்பாளர் வாடகை உயர்வைத் தீர்ப்பாயத்திலும் எதிர்க்க முடியாது. பழுது நீக்காமை பற்றி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கவுன்சிலின் இரண்டு கட்டப் புகார் முறையை முதலில் முடித்துவிட்டு. வாடகையோடு வரும் சர்வீஸ் சார்ஜ் வேறு. செலவுக்கேற்ப மாறும் வகையாக இருந்தால் அது நியாயமானதா என்று தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். உங்களுடையது எந்த வகை என்பது குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் நான் சொல்ல இயலாது.

அடுத்த ஆண்டு வாடகை பெரும்பாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கவுன்சில் கூட்டங்களில் முடிவாகும். உங்களுக்கு வரும் அறிவிப்புக்குக் குறைந்தது நான்கு வாரக் காலம் தேவை என்பதால் மார்ச்சில் எதிர்ப்பது தாமதம். கூட்டத்துக்கு முன்பே அறிக்கை கவுன்சிலின் இணையதளத்தில் வந்துவிடும். அதில் வாடகை விகிதத்தைப் பார்த்து நிறுத்திவிடாமல், காலியாகக் கிடந்த வீடுகளால் இழந்த வாடகை எவ்வளவு, வட்டிக்குப் போவது எவ்வளவு, கடந்த ஐந்து ஆண்டில் உள்ளே போய் ஆய்வு செய்த வீடுகள் எத்தனை சதவீதம், இந்த ஆண்டு பழைய வீடுகளுக்கு ஒதுக்கியதில் செலவாகாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது எவ்வளவு என்பவற்றைத் தேடுங்கள். கடைசி எண்தான் எனக்கு முக்கியமானது. பணம் ஒதுக்கியும் ஒப்பந்தக்காரர் கிடைக்காமலோ திட்டமிடத் தெரியாமலோ ஆண்டுதோறும் தள்ளிப்போடும் கவுன்சிலில், உங்கள் சமையலறை காத்திருப்பதற்கு வாடகை போதாமை காரணமாக இருக்க முடியாது. உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்க வேண்டியதும் அதைத்தான்: உங்கள் கட்டடத்தின் சமையலறைகள் முதலீட்டுத் திட்டத்தில் எந்த ஆண்டில் இருக்கின்றன, அந்த ஆண்டு இதுவரை எத்தனை முறை மாற்றப்பட்டிருக்கிறது என்று.